புகைக்குழாயைச் சுற்றி நான் அடைத்தது

அறுபதுகளின் நடுவில், போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு பலகை வீடு இருந்தது. என் வீட்டுக்காரர் கப்பல் பழுதுபார்க்கிற பட்டறையில் ஃபிட்டர். முதலில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தகரம் வேய்ந்த குளியலறை என்றுதான் கட்டினோம். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அதற்கு முன்பக்கம் இன்னும் இரண்டு அறை இழுத்துக் கட்டி நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். பின்பகுதியை வாடகைக்கு விட்டோம்.

அந்தப் பின்பகுதிக் குளியலறையில்தான் வெந்நீர் டிரம் இருந்தது. செங்கல்லை வட்டமாக அடுக்கி, அதன்மேல் ஒரு இரும்பு டிரம்மை உட்கார வைத்து, அடியில் விறகு எரிக்கும்படி அவர் செய்தது. புகை போவதற்கு ஒரு தகரக் குழாய், பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். பட்டறையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறவர், வெந்நீர் இல்லாமல் அது போகாது. முன்பகுதிக்கு வந்தபிறகு எங்களுக்கு அண்டாவில் சுட வைத்த தண்ணீர்தான். டிரம் வாடகை வீட்டோடு போய்விட்டது.

குடிவந்தவர் அரசு ஆபீஸில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கம். தினமும் காலை ஃபெர்ரிப் படகில் மறுகரைச் சாத்தம் துறைக்குப் போய், மாலை ஃபெர்ரியில் திரும்புவார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அவர் மனைவிக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும். வந்தபோதே ஐந்து மாதக் கர்ப்பம். என்னை அக்கா என்பாள். நான் தங்கச்சி என்பேன். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம்.

மழை பிடித்ததும் ஒருநாள் வந்து சொன்னாள்.

"அக்கா, அந்தப் புகைக்குழாய் பக்கம் தண்ணி உள்ள வருது. அடிக்கிற காத்துக்கு அடுப்பெல்லாம் நனைஞ்சு போகுது. அண்ணாச்சிகிட்டச் சொல்லி அடைச்சுத் தாங்களேன்."

சொன்னது நியாயம்தான். வீடு எங்களுடையது, ஒழுகினால் நாங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவர் அப்போது ஒரு கப்பலோடு வடக்கே மாயாபந்தர் துறைமுகத்துக்குப் போயிருந்தார். வர எத்தனை நாளாகும் என்று தெரியாது. இவளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு நாளில் அவளைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது, சாவி என்னிடம்.

பிள்ளையோடு வரும்போது குளியலறை காய்ந்து கிடக்கட்டும் என்று நானே இறங்கினேன். நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. தோணியின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துத் தார் பூசுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். கலப்பத்து என்பார்கள் அதை. கடல் தண்ணீரையே உள்ளே விடாது, மழைத் தண்ணீர் எம்மாத்திரம் என்று நினைத்தேன். கிழிந்த சாக்கைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, கூரை ஆணிக்குப் பூச அவர் வைத்திருந்த தாரில் முக்கி, குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் குச்சியால் இறுக்கிக் குத்தினேன். உள்பக்கம் அசிங்கமாகத் தெரிந்தது. களிமண்ணைக் குழைத்து மேலே மெழுகிவிட்டேன். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அந்த இடைவெளி தவறிப்போய் விட்டதில்லை. நாலு விரல் அகலத்துக்கு அவர் வேண்டுமென்றே விட்டது. கட்டும்போதே சொன்னார், குழாய் சூடு பலகையில் தட்டக் கூடாது என்று. நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் குச்சியை வைத்துக் குத்திக்கொண்டிருந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

ஆண் குழந்தையோடு வந்தாள். குளியலறையைப் பார்த்துவிட்டு, "நல்லா அடைச்சிருக்கீங்களே அக்கா! அண்ணாச்சி வந்துட்டாகளா?" என்றாள்.

"இல்ல, நானேதான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வேண்டும். குளிக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, துணி அலச. வெளியே ஓயாத மழை. டிரம் அடுப்பு காலையில் பற்ற வைத்தால் மத்தியானம் வரை எரியும். வந்து இரண்டாவது வாரத்தில் ஒருநாள், பதினொரு மணி இருக்கும், அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பெண் "ஆக்! ஆக் லக் கயா!" தீப்பிடித்துவிட்டது என்று இந்தியில் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் குழாய் சுவரைத் துளைத்த இடத்திலிருந்து நெருப்பு பலகையில் மேலேறிக்கொண்டிருந்தது. கறுப்புப் புகை. தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றாள். கூரைத் தண்ணீருக்கு வைத்திருந்த தொட்டியிலிருந்து நானும் அந்தப் பெண்ணும் இன்னும் நாலு பேரும் வாளி வாளியாக மொண்டு ஊற்றினோம். அணைந்தது. குளியலறையின் பின்சுவர் போய்விட்டது. சமையல்கட்டுச் சுவர் பாதி கரிந்திருந்தது. உள்ளே கொடியில் காயப்போட்டிருந்த அவளுடைய இரண்டு சேலை எரிந்துபோயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாக்கும் தாரும் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சொன்னது அப்போதுதான் காதில் கேட்டது.

மாயாபந்தர் போனவர் மூன்றாம் நாள் திரும்பினார். கரிந்த சுவர் முன்னால் நின்று குடித்தனக்காரரைக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் எரிச்சீங்க தம்பி?"

"காலையிலேர்ந்து எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும் அண்ணாச்சி. பிள்ளை பெத்தவ இருக்கா இல்லையா."

"ஒரு ஆள் குளிக்கச் செஞ்ச அடுப்பு இது. கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி எரிச்சா பலகை என்னத்துக்கு ஆகும்? அடுத்தவன் வீடுதானேன்னு எரிச்சா எப்படி?"

குடித்தனக்காரர் முகம் சிறுத்துப்போனது. "தப்புதான் அண்ணாச்சி. பலகையை நானே வாங்கிப் போட்டுடறேன்."

தங்கச்சி பிள்ளையோடு கதவோரம் நின்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஈரத் துணியை எடுக்கிறவள்போல் கொடிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த டிரம்மை இனிப் பற்ற வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவள் சமையல் அடுப்பில் சின்னப் பானையில் சுட வைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். நான் என் அடுப்பில் அண்டாவை ஏற்றி, காலையில் இரண்டு வாளி வெந்நீர் கொண்டுபோய் அவள் வாசலில் வைப்பேன். பத்தியத்துக்கு நல்ல மீன் கிடைத்தால் குழம்பு வைத்துக் கொடுப்பேன். அவளும் வாங்கிக்கொள்வாள். இதெல்லாம் செய்ய முடிந்தது. சொல்ல மட்டும் முடியவில்லை. மறுகரையில் மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடக் கோபம், பொறாமை என்று எதையெதையோ சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

குடித்தனக்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மூன்று பலகையாக ஃபெர்ரியில் ஏற்றிக் கொண்டுவருவார். பேனா பிடித்த கை, சுத்தியல் பழக்கமில்லை. ஆணி வளையும், பிடுங்கி மறுபடி அடிப்பார். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரர், பக்கத்தில் நின்று, இந்த ஆணி சாய்வு, அந்தப் பலகை கீழே இறக்கம் என்பார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சமையல்கட்டில் நிற்க முடியாது.

குழாய்க்கு ஓட்டை போடும் வேலை வந்தது. எவ்வளவு பெரிசாக வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். இவர் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். "சுத்தி இவ்வளவு இடம் விடணும். முன்னாடியும் இப்படித்தான் விட்டேன். அப்புறம் எப்படிப் பிடிச்சுதுன்னுதான் புரியல" என்றார்.

அன்று சாயங்காலம் இவரிடம் சொல்லிவிட்டேன். சாக்கு, தார், மேலே மெழுகின மண், எல்லாம்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "ஏட்டி, வேற யார்கிட்டயும் சொன்னியா?" என்றார்.

"இல்ல."

"அப்ப சொல்லாத. பாதி வேலை முடிஞ்சாச்சு. இப்பப் போய்ச் சொன்னா நம்மள என்ன மதிப்பாங்க?"

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, "அந்தப் பையனை நான் அவ்வளவு பேசியிருக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் ஆண்கள் இருவரும் வேலைக்குப் போனதும் பின்பக்கம் போனேன். அவள் காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, தீப்பிடிச்சதுக்கு நீ காரணமில்ல. நான் தார் சாக்கு வச்சு அடைச்சிருந்தேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும் அக்கா. எரியும்போதே தார் வாசனை வந்துதே."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"அண்ணாச்சி கேட்டப்ப நீங்க சொல்லுவீகன்னு நினைச்சேன். நீங்க திரும்பிக்கிட்டீக." பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தாள். "அப்பப் பிள்ளை பிறந்து மாசம்கூட ஆகல. இந்த மழையில வெளிய போங்கன்னு சொல்லிட்டா நாங்க எங்க போவோம்? இங்க வேற வீடு எங்க அக்கா இருக்கு?"

நாங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருப்போமோ என்னவோ. எனக்கே நிச்சயமில்லை. வீட்டுக்காரி என்று என்னை நான் அதுவரை நினைத்துக்கொண்டதே இல்லை. அவளுக்கு நான் அதுவாகத்தான் இருந்திருக்கிறேன்.

"நான் உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

"நீங்களேதான் சொல்லணும். நான் சொன்னா, தெரிஞ்சுமா என்னை இத்தனை ஞாயிறு ஆணி அடிக்க விட்டேன்னு கேப்பாக."

மாலை ஃபெர்ரி வந்ததும் குடித்தனக்காரரை வாசலில் நிறுத்திச் சொன்னேன். டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே முழுதும் கேட்டார். "சரிங்க அக்கா" என்றார். உள்ளே போனார். உள்ளே வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேச்சு கேட்டது. என்ன பேசினார்கள் என்று தெரியாது.

மறுநாள் இவரிடம் வந்தார். முதல்முறையாகக் குரலில் ஒரு அழுத்தம் இருந்தது. "மீதி வேலையை நீங்க பார்த்துக்கோங்க அண்ணாச்சி. இதுவரைக்கும் வாங்கின பலகையை வாடகையில கழிச்சுக்கறேன்." இவர் உடனே சரி என்றார். நான் பயந்த சண்டை வரவில்லை.

இன்னொன்றும் செய்தார். ஆபீஸ் ஆள் அல்லவா, ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். கூரை, சுவர், புகைக்குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, கரி சுரண்டுவதும் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் குடியிருப்பவர் பொறுப்பு, யார் எதைத் தொட்டாலும் மற்றவரிடம் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். இவருக்கு அந்தத் தாள் பெரிய அவமானமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் குழாய் வேலையை ஒழுங்காகச் செய்தார். வெளிப்பக்கம் மழைக்கு ஒரு தகரத் தொப்பி வைத்தார். அதை முதலிலேயே வைத்திருந்தால் தண்ணீரே வந்திருக்காது என்று நான் சொன்னேன். "சரிதான்" என்றார். மறுபடி டிரம் எரிந்தது.

நாலு வருடம் இருந்தார்கள். தங்கச்சி அக்கா என்றுதான் கூப்பிட்டாள், எதையும் மறுத்ததில்லை. ஆனாலும் முன்போல வந்து உட்கார்ந்து கதை பேசமாட்டாள். நான் கேட்கவும் இல்லை. பிறகு அவர்களுக்கு மரைன் ஹில்லில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டார்கள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒருமுறை போர்ட் பிளேர் கடைக்குப் போனபோது மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். சிமெண்ட் தரை, ஓட்டுக்கூரை. ஆனால் நடு அறையில் ஒரு பாத்திரம் வைத்திருந்தாள், அதில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு தடவை எழுதிக் கொடுத்தாச்சு அக்கா. ஒருத்தனும் வரல. யாரைப் போய்ச் சண்டை பிடிக்கன்னுகூடத் தெரியல" என்று சிரித்தாள். பழையபடி சிரித்தாள் என்றுதான் எனக்குப் பட்டது.

காப்பி கொடுத்தாள். பையன் ஸ்கூல் போகிற அளவுக்கு வளர்ந்திருந்தான். என்னைத் தெரியவில்லை, கூப்பிட்டதற்குக் கிட்டே வரவில்லை. வாங்கிப்போன பிஸ்கெட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, மூன்று மணி ஃபெர்ரியைப் பிடிக்க இறங்கினேன்.