மாலை ஷிப்டின் முதல் தகடு

எங்கள் ஆலையில் அவருக்குப் பெயர் பூட்டு. தேநீர்க் கோப்பையைக்கூடப் பூட்டி வைக்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் மாலை ஷிப்டில், கார்பன் ஃபைபர் தகடுகளில் இயந்திரத்தால் துளை போடுவது அவர் வேலை. அந்தத் துளைகளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் பதினான்கு வருடமாக என்மேலும் அவருக்குச் சந்தேகம்தான்.

கார்பன் ஃபைபர் துணிபோல் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. துளை போடும்போது அடியில் தகட்டுக்கு ஒரு புதுப் பலகை முட்டுக்கொடுத்தால்தான் கடைசி அடுக்கு பிய்யாது. ஷிப்ட் முடிந்து போகிறவர் புதுப் பலகையை வைத்து, மேலே அடுத்த ஷிப்டின் முதல் தகட்டை ஏற்றித் திருகாணியால் இறுக்கி வைத்துவிட்டுப் போவார். வருகிறவர் பொத்தானை அழுத்தினால் போதும். அதுதான் எங்கள் வழக்கம்.

ஒரு வாரம், அடுத்தடுத்து இரண்டு மாலை ஷிப்டுகளில் முதல் தகடு அடியில் பிய்ந்து வந்தது. யாரால் என்று தெரிந்தால் அந்த ஆள் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார் மேனேஜர். பூட்டு காலை ஷிப்ட்காரனைக் கைகாட்டினார். அவன் அவருடைய சொந்த மச்சான், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்!

"அவன் போடுறது சுத்தமா வருது, என்னோடது மட்டும் எப்படிங்க பிய்யும்? துளை போடுற பிட்ல மழுங்கினதை எனக்கு மாட்டிட்டு நல்லதை அமுக்கிடுறான்."

"பிட்டையெல்லாம் திங்கக்கிழமையே உங்க அலமாரியில பூட்டிட்டீங்களே?" என்றேன்.

"அதான் தினமும் சாவி கேக்குறான்! பலகை எடுக்கணுமாம். யார் காதுல பூ சுத்துறான்? அவன் தகடுகளுக்கு எண்ணி வெளிய வச்சிருக்கேனே, மேல வேணும்னா ஸ்டோர்ல பலகை இல்லையா?"

மச்சான் பிட்டை மாற்றியதைக் கண்ணால் பார்த்ததாக எழுதியே கொடுத்துவிட்டார். பார்த்தாராம்! காலையில் அவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் குடும்பச் சண்டையில் நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மச்சானை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் புது ஆள் வந்தார். அன்று மாலை ஷிப்டிலும் முதல் தகடு பிய்ந்தது. கிளம்பிக்கொண்டிருந்த புது ஆளின் சட்டையைப் பூட்டு பிடித்துக்கொண்டார்.

"என் மேல ஏன் பாயுறீங்க? ஸ்டோர்ல பலகை கேட்டேன், எல்லாம் உங்க அலமாரியிலதான் இருக்குன்னாங்க. அது பூட்டியிருக்கு. முன்னாடி இருந்தவரும் பழசையேதான் மறுபடியும் வச்சாராம். நானும் அதையே வச்சேன்."

பழைய பலகையில் அதே இடங்களில் ஏற்கெனவே துளைகள் இருக்கும். முட்டுக்கொடுக்க ஒன்றும் இருக்காது. மேலே தகடு ஏறிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

பூட்டு அவர் சட்டையை விட்டார். நேராக மேனேஜர் அறைக்குப் போனார். பிய்ந்த தகட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

"கண்ணால பாத்தேன்னு எழுதினீங்களே?" என்றார் மேனேஜர்.

"பாக்கல சார். பொய். தப்பு முழுக்க என்னோடது. அவனைத் திரும்பக் கூப்பிடுங்க."

மேனேஜர் அங்கேயே மச்சானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொல்லி, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்.

"வரல சார். என்னைத் திருடன்னு சொன்ன மாமா முகத்துல நான் தினமும் முழிக்கணுமா?"

மேனேஜர் பூட்டைப் பார்த்தார். பூட்டு போன் பக்கம் குனிந்தார்.

"நான் இனிமே இங்க இருக்க மாட்டேன்டா," என்றார். "நீ வா."