ஏழாம் நம்பர் வீட்டு மறைப்பு

முப்பத்திரண்டு வீடுகள் கடலைப் பார்த்தபடி இரண்டு வரிசையாக நிற்கும் அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் செகரட்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் பதவியை ஒரு வருஷத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும், "இனிமே வேற யாராவது எடுத்துக்குங்களேன்" என்பாள். உடனே எல்லோருக்கும் தங்கள் செருப்பு எங்கே கிடக்கிறது என்ற கவலை வந்துவிடும்.

காலையில் கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. மதியம் வீடு திரும்பும்போதே தெருமுனையில் யாராவது பிடித்துக்கொள்வார்கள். மோட்டார் ஓடவில்லை, கேட் துருப்பிடித்துக் கழன்றுவிட்டது, பக்கத்து வீட்டு ஏசி தண்ணீர் எங்கள் துணியில் சொட்டுகிறது. பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்பாள். இறக்கினால் அரைமணி கூடுதலாகும் என்பது அனுபவம்.

சங்கத்தின் விதிகளில் பதினான்காவதை எழுதியது அவளேதான். கடல் பக்கத்துப் பால்கனியில் தகரமோ, ஃபைபர் ஷீட்டோ, தார்ப்பாயோ கட்டக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் யாரோ கட்டியிருந்த ஷீட் காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்து, பின்வரிசை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்தது. ஆள் தப்பியது பெரிய விஷயம். அதற்குப் பிறகு யார் கட்டினாலும் செயலாளர் நோட்டீஸ் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழு நாளில் ஷீட் இறங்க வேண்டும். வாசகம் எல்லாருக்கும் ஒன்றே. வீட்டு எண் மட்டும் மாறும். இதுவரை ஒன்பது பேருக்குக் கொடுத்திருந்தாள். ஒன்பதும் இறங்கின.

பத்தாவது அவள் வீட்டில் ஏறியது.

அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் போயிற்று. அன்றிலிருந்து பகல் முழுக்கப் பால்கனி நாற்காலிதான். காற்றுக்காலம் தொடங்கியதும் உப்பும் மணலும் முகத்தில் அறைந்தன. கண் சிவந்து நீர் வழியும். துடைக்கக் கை சட்டென்று வராது. "காத்துல உட்கார வைக்காதீங்க" என்று அவள் ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னார். உள்ளே வரச் சொன்னால் அவர் மசியவில்லை.

"உள்ள என்ன இருக்கு? செவுரு. அதை நீ பாரு."

வெல்டரைக் கூப்பிட்டு, கடல் தெரிகிற மாதிரி கண்ணாடி நிறத்தில் ஒரு ஃபைபர் ஷீட் அடித்தாள். கண் நான்கே நாளில் தெளிந்தது.

மூன்று வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு அவளிடம் மோட்டாரைப் பற்றிப் பேசுவார்கள். தாங்க முடியாமல் அவளே சங்கத் தலைவரிடம் போனாள். ஓய்வுபெற்ற வக்கீல்.

"நோட்டீஸ் போடுறது யாரும்மா? நீங்க. நீங்க போடலைன்னா அங்க ஷீட்டே இல்ல. சும்மா விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. மறுநாள் மதியம் தெருமுனையில் இருபதாம் நம்பர் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணன் கண்ணு எப்படி இருக்குக்கா?"

"தேவலை டீச்சர்."

"ஷீட் நல்லாப் போட்டிருக்கீங்க. எங்களுது இவ்வளவு கெட்டி இல்ல."

நான்கு வருஷத்துக்கு முன் டீச்சருக்கும் நோட்டீஸ் போயிருந்தது. ஐந்தாவது.

"நான் கம்ப்ளெயின்ட் பண்ண வரலைக்கா. என் பொண்ணுக்கு அப்ப இழுப்பு. அந்தக் காத்து ஒத்துக்காமத்தான் கட்டினோம். நீங்க வந்து நின்னீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்."

"இழுப்புன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே அக்கா" என்று சிரித்துவிட்டு டீச்சர் நடந்தாள். அந்தச் சிரிப்பில் விஷம் ஒன்றும் இல்லை. அதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அன்று சாயங்காலம் பழைய நோட்டீஸைத் திறந்து, வீட்டு எண்ணை மட்டும் ஏழு என்று மாற்றி அச்செடுத்தாள். வீடு கணவர் பெயரில் இருந்ததால் அவரிடம்தான் கொடுக்க வேண்டும். காகிதத்தைத் தூரமாகப் பிடித்து அவர் மெதுவாகப் படித்தார்.

"யார் குடுத்தனுப்பினது?"

"செகரட்டரி."

"அந்தம்மா ரொம்பக் கறாராமே."

"அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"ஏன் கட்டினேன்னு எழுத இதுல எடமே இல்லையே?"

"இல்ல. வைக்கணும்னு தோணல" என்றாள்.

அவர் இடது கையால் பேனாவை வாங்கினார். கையெழுத்து கோழி கிளறியது போல வந்தது. "வீட்டுலயே எதிரியை வச்சிக்கிட்டு நான் யாரைச் சொல்ல" என்றபடி காகிதத்தை அவள் மடியில் போட்டார்.

உடல்நலக் காரணம் இருந்தால், இரும்பு ஃப்ரேம் வைத்து உறுதியாகக் கட்டுகிறவர்களுக்கு அனுமதி தரலாம் என்று ஒரு திருத்தம் எழுதித் தலைவரிடம் கொடுத்தாள். விதியை மாற்ற ஆண்டுக் கூட்டம் வேண்டும். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. காற்றுக்காலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

"அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் தலைவர்.

"ஒன்பது பேருக்கு அப்படி விடலையே சார்."

ஆறாவது நாள் வெல்டர் வந்தான். "மாட்டி ஒரு மாசம்கூட ஆகலையேக்கா, துருகூடப் பிடிக்கல" என்று முணுமுணுத்தபடியே திருகுகளைக் கழற்றினான். ஷீட்டைப் படிக்கட்டுக்கு அடியில் சாய்த்து வைத்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகி மூடியது. டீச்சர் வீட்டுப் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

கணவர் உள்ளே வர மறுத்தார். கெஞ்சினாள், அதட்டினாள், தோள் வலிக்க நாற்காலியை இழுத்தும் பார்த்தாள். கிரேன் ஓட்டிய உடம்பு, பாதி போனாலும் மீதி கனமாகத்தான் இருந்தது. கடைசியில் சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து, காற்று வருகிற பக்கமாக அவருக்கு முன்னால் போட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மணல் அவள் கழுத்தில் சுள்ளென்று குத்தியது. கொஞ்ச நேரத்தில் தலைமுடி நார் மாதிரி விறைத்தது. அடுப்பில் ஒன்றும் ஏற்றவில்லை. துணியும் ஊறிக்கொண்டு கிடந்தது.

"இப்படி எத்தனை நாள் உக்காருவே?"

"தெரியல. இன்னிக்கு உக்காந்திருக்கேன்."

அவர் கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்தார்.

"மறைக்கிறே. ஒரு கப்பலும் தெரியல."

அவள் ஸ்டூலை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.