அக்காவின் மானத்தைக் காப்பாற்றிய சாட்சி

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், மயிலாப்பூரில் சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றில் நடந்தது இது. என் சொந்த அக்கா தன் கணவரைக் கொன்றுவிட்டாள். பேப்பரில் நாலு வரியாக வந்து மறைந்துபோன செய்தி. எங்கள் வீட்டில் அது இன்னும் முடியவில்லை.

அத்தான் துறைமுகத்தில் குமாஸ்தா. வெள்ளை வெளேரென்று சட்டை, ஞாயிறு பூசையில் பாடகர் குழுவின் முன்வரிசை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பெண்ணைப் பெற்ற தாய்மார் மாதா கோயில் வாசலில் அவரைப் பார்த்து, நமக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்க்காதா என்று பெருமூச்சு விடுவார்கள். நானே கொஞ்ச நாள் அக்காமேல் பொறாமைப்பட்டவள்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அந்த மனிதர் வேறு ஆள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். சோறு குழைந்தால் போதும், தபால்காரரிடம் சிரித்துப் பேசினால் போதும். உடனே கத்தமாட்டார். நிதானமாக எழுந்து போய்க் கதவைச் சாத்துவார், தாழ்ப்பாளைப் போடுவார். அதற்கப்புறம்தான் அடி. ஒரே ஒரு தடவை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். கழுத்தில் விரல்கள் பதிந்த தடம் கன்றிப்போயிருந்தது. அப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். சாயங்காலம் தானே கூட்டிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். எங்கள் வேதத்தில் கோயிலில் கட்டின தாலியை அவிழ்க்க வழி இல்லை. அப்பாவை அன்றைக்கு நான் மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

அக்கா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் ட்ராம் கண்டக்டர் ஒருவரின் மனைவி இருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி கொண்டுவருகிறவர் அவர்தான். ஒரு ஞாயிறு மத்தியானம் அக்காவைப் பார்க்கப் போனேன். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சரி, அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்று கொல்லைப்பக்கம் போனால், அந்த அம்மாள் ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். குழியில் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. ரேஷன் அரிசிக்குக் கால்கடுக்க நின்ற காலம் அது, ஆட்டுவதற்கு எங்கே இருக்கும்? வெறும் கல்லோடு கல் உரசி, கடகடவென்று காது கிழிந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போ கண்ணு, கடைத்தெரு பக்கம் போய்ட்டு அப்பால வா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது தெருவுக்குக் கேட்கக்கூடாது. அடுத்த வீட்டுப் பெண்ணின் மானத்துக்குத் தன்னால் ஆனது என்று அவர் கல்லை ஆட்டினார். அந்தச் சந்தில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கொலை நடந்ததும் ஒரு ஞாயிறு மத்தியானம்தான். பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், ஏதோ கேட்டிருக்கிறார். அக்கா ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தார். இவள் அம்மிக் குழவியை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டாள். விழுந்தவர் அசைந்திருக்கிறார். இன்னொரு தடவையும் போட்டாள்.

அந்த இரண்டாவது அடியைப் பற்றி அக்கா சொன்னது முழுக்கச் சரிதானா என்று எனக்கும் தெரியாது. எழுந்துவிடுவாரோ என்று பயந்ததாகச் சொன்னாள். நான் நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

எங்கள் வக்கீல் மயிலாப்பூர்க்காரர், வளவளவென்று பேசமாட்டார். அப்பாவையும் என்னையும் உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்.

"அடி பின்மண்டையில விழுந்திருக்கு. முதுகைக் காட்டிண்டு நின்னவனால இவளுக்கு என்ன ஆபத்துன்னு ஜூரி கேப்பா. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டா உள்ளே என்ன நடக்கும்னு வெளி மனுஷா ஒருத்தர் சொல்லணும். கூடப்பிறந்தவ சொன்னா எடுபடாது."

ஆக, அக்காவின் உயிர் ஆட்டுக்கல் அம்மாளின் வாயில் இருந்தது. சர்க்கார் தரப்பே அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தது. நாங்கள் போய்ச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். "கேட்டதெல்லாம் சொல்றேன் கண்ணு, எனக்கு இன்னா பயம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐகோர்ட்டில் ஜூரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கறுப்பு அங்கிக்காரர்களும் ஆண்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் அப்படியே. அத்தானின் அம்மாவும் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் பெண்கள். கூண்டில் அக்கா தலையைக் குனிந்தபடி நின்றாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள்.

என்னைத்தான் முதலில் விசாரித்தார்கள். கழுத்துத் தடத்தைப் பற்றிச் சொன்னேன். "நீ கைதியின் சொந்தத் தங்கைதானே?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

பிறகு அந்த அம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறினார். பூசைக்குப் போகிறவர்போல நல்ல புடவை கட்டியிருந்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை உண்டா என்று கேட்டார்கள். அவர் ஜூரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சாமி. தங்கமான பொண்ணு. அந்த வூட்ல சத்தமே கேக்காது."

எங்கள் வக்கீல் எழுந்து, அன்றைக்கு மத்தியானம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதா, அதற்கு முன்னால் எத்தனையோ நாள் கேட்டதுண்டா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்.

"நான் மாவு ஆட்டிக்கினு இருந்தேன் சாமி. என் காதுல ஒண்ணும் வுழல."

அரிசி ஏது, உளுந்து ஏது என்று எழுந்து கத்திவிடலாம் போல இருந்தது. வக்கீல் காகிதக் கட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அந்த அம்மாளைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எல்லாம் சர்க்கார் வக்கீலுக்குச் சுலபமாகப் போய்விட்டது. அடித்தான், உதைத்தான் என்பதெல்லாம் தங்கை கட்டின கதை. அக்கம்பக்கத்தில் யாரும் ஒரு சத்தம் கேட்டதில்லை. கதவைச் சாத்தப் போன அப்பாவி மனுஷனைப் பின்னாலிருந்து அடித்திருக்கிறாள், விழுந்தவனை மறுபடியும் அடித்திருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிஷம் அது நியாயமாகப் பட்டது. என்ன சொல்லவேண்டும் என்று அக்காவைக் கேட்டார்கள். "கதவைச் சாத்தினார், பயந்துட்டேன்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. குற்றவாளி என்று ஜூரி சொன்னது. தூக்கு இல்லை, ஆயுள் தண்டனை. அதைக் கருணை என்று எங்களுக்கு விளக்கினார்கள்.

தீர்ப்புக் கேட்கவும் அந்த அம்மாள் வந்திருந்தார். வெளியே ட்ராம் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடவேண்டும் என்றுதான் கிட்டப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அத்தினி ஆம்பளைங்க முன்னாடி, முடியப் புடிச்சு இஸ்துக்கினு போனான், மிதிச்சான்னு எப்டி கண்ணு சொல்றது? அது தலைய குனிஞ்சுக்கினு நிக்கிது. குடும்பப் பொண்ணுன்னு தெரிஞ்சா வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கொறவா சொன்னனா, சொல்லு."

சொல்லவில்லை, உண்மைதான். நல்ல பெயரைக் கொடுத்தால் நல்லது நடக்கும் என்று நம்பியிருக்கிறார். என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ட்ராம் வந்தது. இரண்டு பேரும் ஏறிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

அப்பா அதிக நாள் இருக்கவில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்தேன். லீவு கிடைத்தபோதெல்லாம் வேலூருக்குப் போய் ஜெயிலில் அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். ஒரு தடவை அடக்கமாட்டாமல் அந்த அம்மாளைப் பற்றி ஆத்திரமாகப் பேசிவிட்டேன். அக்கா என்னை முழுக்கப் பேசவிடவில்லை.

"அவங்களை ஒண்ணும் சொல்லிடாதே. அன்னைக்கு அவங்க எல்லாத்தையும் சொல்லியிருந்தா, அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கிட்டு செத்திருப்பேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த நிம்மதி அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். தாழ்ப்பாள் போடுகிற ஆள் செத்த பிறகும் அவள் அந்தக் கதவுக்குள்ளேயேதான் இருந்தாள். ஜெயிலிலேயே காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்தாள்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் யாராவது ஒரு பெண்ணைக் காட்டி, "பொறுமைசாலி, அவங்க வீட்டுச் சத்தம் வெளியே கேக்காது" என்று மெச்சினால், நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இதே நல்ல வார்த்தையை நம்பித்தான் என் அக்காவைச் சாகும்வரை பூட்டிவைத்தார்கள்.