திரைமேல் வைத்த சந்தனப் பொட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினேன். மாணவர்கள் போன பிறகு புரோகிராம் எழுதிப் படம் வரவைத்துப் பார்ப்பேன். சொந்த ஊர் அரியலூர். சுண்ணாம்புக்கல் குழிகளில் கிடைக்கும், நத்தைக்கூடு போன்ற சுருள் கல்லைப் பார்த்துப் பழகிய கண். எப்போதும் சுருள்தான் வரும். ஒவ்வொரு புள்ளியும் சற்றே விலகி, மெஷினின் இஷ்டத்துக்கு விழட்டும் என்று எழுதியிருந்தேன். அதனால் ஒரு தடவை வந்தது மறுபடி வராது.

ஆயுத பூஜையன்று காலை, எல்லாரும் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சுருள் வந்தது. கல் மூச்சு விட்டதுபோல இருந்தது. அரியலூர் கண்காட்சியின் ஓவியப் போட்டிக்கு இதுதான் என்று முடிவு செய்தேன். திரையில் இருப்பதைச் சேமிக்கத் தெரியாது. பிரிண்டரில் எழுத்து மட்டும்தான் வரும். போட்டோதான் எடுக்க வேண்டும். ஸ்டுடியோக்காரர், "கேமரா சாமிகிட்ட இருக்கும்மா. நாளைக்கு வரேன்" என்றார்.

ஓனர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "ஓடுற மெஷினுக்குப் பூஜை போடுறதாம்மா? அணைச்சிடு."

"அணைச்சா படம் போயிடும் சார்."

"மறுபடி போட வேண்டியதுதான?"

"இதே படம் வராது சார்."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "வரைஞ்சு முடிச்சிடுச்சுல்ல? அப்ப சும்மாதான இருக்கு. சரி, இருக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணாடியிலேயே பொட்டு வைத்தார், சுருளின் நட்டநடுவில்.

இரவு கரண்ட் போகவில்லை. மறுநாள் துணியும் கையுமாக நின்றவளை, "விஜயதசமியும் அதுவுமா பொட்ட அழிப்பியா?" என்று ஓனர் அதட்டினார். ஸ்டுடியோக்காரர் வந்ததும், திரையில் வெளிச்சம் விழாமல் ஜன்னலைப் போர்வையால் மறைத்து, பொட்டோடுதான் போட்டோ எடுத்தோம்.

கண்காட்சியில் நடுவராக வந்த டிராயிங் மாஸ்டர் கேட்டார்: "இதுல நீ என்னம்மா வரைஞ்ச?"

"புரோகிராம் எழுதினேன் சார். மெஷின் வரைஞ்சுது."

"நடுவுல இந்தப் பொட்டு?"

"எங்க ஓனர் வெச்சது."

"அப்ப கையால போட்டது அது ஒண்ணுதான்."

படத்தை ஓவியப் பகுதியிலிருந்து கழற்றி, அறிவியல் பகுதியில் தெர்மாகோல் எரிமலைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சாயங்காலம் குழியில் வேலை செய்யும் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நம்ம குழியில கெடக்குற கல்லுல்ல இது? பொட்டெல்லாம் வெச்சு... யாருங்க வரைஞ்சது?"

இந்தத் தடவை மெஷினைச் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தாங்க" என்றேன்.