உதவித்தொகைப் பிரிவு ஸ்டீபன் அண்ணன்

திங்கட்கிழமை எம்.பி.ஏ. முதலாண்டு வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். "சார், நம்ம ஸ்டீபன் அண்ணே போயிட்டாரு. நெஞ்சுவலியாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "பிள்ளைங்க அப்ளிகேஷன் எல்லாம் ஏத்திட்டாரா?" என்றுதான் கேட்டேன். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையோடு உதவித்தொகை இணையதளம் மூடுகிறது. கல்லூரி ஒப்புதல் தராத விண்ணப்பம் செல்லாது.

உதவித்தொகைப் பிரிவுக்கு அவர் ஒற்றை ஆள்; மேற்பார்வை மட்டும் என் பொறுப்பு. விண்ணப்பத்தோடு வரும் ஒவ்வொருவரிடமும், "இது வரலைன்னா என்ன செய்வ?" என்று கேட்பார். "படிப்பை விட்டுருவேன்" என்பவர்களின் தாள்களை மேலே வைப்பார். சான்றிதழைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பதா என்று எரிந்து விழுவேன். "சான்றிதழ் எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான சார் இருக்கு" என்பார்.

அந்தக் கேள்வியே ஒருமுறை அவர் காலை வாரிவிட்டது. மேலூரிலிருந்து வந்த ஒரு மாணவி. அப்பா குவாரியில் கல் உடைப்பவர். ரோஷக்காரி. "சமாளிச்சுக்குவேன் அண்ணே" என்று சொல்லிவிட்டாள். அவள் தாள் அடிக்குப் போனது. கடைசி நாளில் இணையதளம் திணறியதில் அடியில் இருந்தவை அப்படியே நின்றுபோயின. அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. அண்ணன் மேலூருக்கு மூன்று முறை போய்க் கெஞ்சினார். ஜவுளிக்கடை வேலையை விட்டு அவள் திரும்பவில்லை.

"சமாளிச்சுக்குவேன்னு சொல்ற பிள்ளைதான் சார் மொதல்ல விழும். இம்புட்டு வருசம் இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சே" என்று என் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். நானோ, "அப்பவே சொன்னேனே" என்றேன். இன்று என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதன் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வந்த தாளை வந்த அன்றே ஏற்றினார்.

இந்த ஆண்டு வருமானச் சான்றிதழ் தாமதமானதால் முப்பத்திரண்டு பேர் மிச்சம். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அந்தத் தளத்தில் கல்லூரிக் கணக்கைத் திறக்கும் ஓ.டி.பி. எண் அண்ணனின் சொந்தக் கைப்பேசிக்குத்தான் போகிறது. ஆரம்பத்தில் அவசரத்துக்கு அவர் எண்ணைக் கொடுத்தோம், மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. இப்போது மாற்றப் பத்து நாள் ஆகுமாம்.

சோழவந்தானில் அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி ரெஜினா அக்காவைக் கூப்பிட்டேன். துக்க வீட்டின் ஜெபச் சத்தத்துக்கு நடுவே ஆறு எண்களை வாசித்தார். தளம் பாதியில் நின்றது. மறுபடி கேட்டேன். மறுபடி வாசித்தார். நான்காம் முறை கூப்பிட்டபோது அக்காவே கேட்டார்.

"எம்புட்டுப் பிள்ளைங்க தம்பி மிச்சம்?"

"இருபத்தாறு பேர் அக்கா."

"அப்ப வந்து இந்தப் போனை எடுத்துட்டுப் போங்க. எனக்கு அழுகக்கூட நேரமில்ல."

இன்று வியாழன். கைப்பேசி என்னிடம் இருக்கிறது. இன்னும் பத்தொன்பது பேர். சான்றிதழுக்காக ஊருக்குப் போயிருப்பதால் செய்தி தெரியாத பிள்ளைகள் அதில் கூப்பிடுகிறார்கள். "அண்ணே, என்னோடது போயிருச்சா?" என்கிறார்கள். அண்ணன் இல்லை என்று நான் சொல்வதில்லை. "பேரைச் சொல்லு" என்கிறேன்.

அவர் எனக்கு விட்டுச்சென்றது இந்தப் பத்தொன்பது பேரைத்தான். நாளை மாலைக்குள் இவர்களில் ஒருவர் விடுபட்டாலும், இந்த அஞ்சலியை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.