மாமா கடித்த ஸ்க்ரூடிரைவர்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது: மாமாவின் சட்டையை இழுப்பது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா, விசைப்படகுகளுக்கு டீசல் எஞ்சின் மெக்கானிக். இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் சட்டையின் இடது ஓரத்தை இழுக்க வேண்டும். வலப்பக்கமென்றால் வலது ஓரம். பின்னாலிருந்து என்றால் இரண்டையும். மாமா திரும்பி, பேசுகிறவரின் வாயைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

மீன்பிடித் தடைக்காலமும் கோடை விடுமுறையும் சேர்ந்து வந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் காலம் அதுதான். எஞ்சின் மெக்கானிக்குக்குக் கையைவிடக் காதுதான் முக்கியம் என்று துறைமுகத்தில் எல்லோரும் நம்பினார்கள். செவிடு என்று பெயர் விழுந்துவிட்டால் மாமாவை எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள்.

"யார்ரா இது, கூடவே ஒட்டிக்கினு வருது?" என்று யாராவது கேட்டால், "அக்கா பொண்ணு. வூட்ல வுட்டா ஒரே பேஜாரு" என்பார் மாமா. வகுப்பில் அமைதியான பிள்ளை என்று பரிசு வாங்கியிருந்த எனக்கு அது மட்டும் வருத்தம்.

தடைக்காலம் முடிகிற வாரத்தில், மாமா பார்த்துக்கொண்டிருந்த படகின் எஞ்சினில் ஒரு தட்டல் சத்தம் கேட்கத் தொடங்கியது. எல்லோரும் நைனா என்று அழைத்த படகு உரிமையாளர், கொருக்குப்பேட்டையிலிருந்து இன்னொரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் கிராங்க் பேரிங் போய்விட்டது, எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும் என்றார் வந்தவர். அப்படியானால் மற்ற படகுகள் கடலுக்குப் போகும் நாளில் இந்தப் படகு கரையில் கிடக்கும்.

சொல்லிவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். மாமா குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் போய் நின்று, பெரிய ஸ்பானர் ஒன்றை இரும்புத் தகட்டின் மேல் நழுவவிட்டார். நைனா துள்ளினார். மீன்கூடை நிழலில் தூங்கிய பூனை பாய்ந்து ஓடியது. என் கை சட்டைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாமா மட்டும் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா நைனா. டமாரச் செவிடு. இவங்கைல போய் எஞ்சினக் குட்துகீறியே."

நைனா சுற்றிவந்து மாமாவின் முகத்துக்கு நேரே நின்றார். "காது கேக்கலன்னு ஏன்டா சொல்லல?"

"சொல்லிருந்தா வேல குட்துருப்பியா?"

நைனா எஞ்சின் பக்கம் திரும்பினார்.

"எஞ்சின ஓட்டு நைனா. ஒரு தபா பாத்துட்டுப் போய்ட்றேன்" என்றார் மாமா.

எஞ்சின் ஓடியது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துப் பழுதைத் தேடுவது எல்லா மெக்கானிக்குகளும் செய்வதுதான். மாமா தன்னுடைய மரப்பிடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையை எஞ்சினில் ஊன்றினார். பிடியைக் காதுக்குக் கொண்டுபோகாமல் பல்லில் கடித்துக்கொண்டார்.

"இன்னா தோஸ்து, பசிக்குதா?" என்று கத்தினார் கொருக்குப்பேட்டைக்காரர்.

மாமா கண்ணை மூடியிருந்தார். முனை ஒவ்வோர் இடமாக நகர்ந்தது. கன்னத்து எலும்பு அதிர்வது எனக்குத் தெரிந்தது. இழுக்க எதுவும் இல்லாமல் நான் நின்றேன். எஞ்சினின் முன்பக்கத்தில், கடல்நீரை இழுக்கும் பம்பின் மேல் முனை வந்ததும் கை நின்றது. பிடியை வாயிலிருந்து எடுத்தார்.

"கிராங்க் இல்ல. தண்ணி பம்புல பேரிங் பூட்ச்சி. பெல்ட்டக் கயட்டிட்டு ஓட்டிப் பாரு."

எஞ்சினை நிறுத்தி, பம்பைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றினார்கள். எஞ்சினை மறுபடி ஓட்டினார்கள். தட்டல் இல்லை. பம்பைப் பிரித்தபோது தேய்ந்த பேரிங் குண்டு ஒன்று நைனாவின் உள்ளங்கையில் உருண்டு விழுந்தது. அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"அந்தப் பல்லுக்கு இன்னா வோணும்னு கேளு" என்று என்னிடம் சொன்னார். "பிரியாணியா?"

தடை முடிந்த நாளில் அந்தப் படகும் மற்றவற்றோடு கிளம்பியது. மாமா 'பல்லு மெக்கானிக்' ஆனார். அடுத்த வருடம் அவர் நேரம் கிடைப்பதற்குப் படகுகள் காத்திருந்தன. அன்று சிரித்த கொருக்குப்பேட்டைக்காரர்கூட, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மாமாவின் ஸ்க்ரூடிரைவர் பிடியை வேட்டியில் துடைத்துக் கடித்துப் பார்த்தார். நான் பார்த்தேன்.

மாமாவின் காதில் பழுது எங்கே என்று மருத்துவர் சொன்னது வெகுநாள் கழித்து. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் மூன்று குட்டி எலும்புகளில் ஒன்று இறுகிவிட்டிருந்தது. காற்றில் வரும் ஒலி அங்கேயே முட்டி நின்றுவிடும். அதற்கும் உள்ளே, மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு குறையும் இல்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகப் போனால் சத்தம் நேராக அதைத் தொட்டுவிடும்.

பம்பைப் பிரித்த அன்று மாலை, தண்டையார்பேட்டைக்குச் சைக்கிளில் திரும்பினோம். நான் முன் கம்பியில் உட்கார்ந்திருந்தேன். மாமா முகவாயை என் உச்சந்தலையில் அழுத்தி வைத்திருந்தார். பூனை பாய்ந்ததையும் நைனா துள்ளியதையும் நான் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். தலை வலித்தது, விலக்கினேன். மறுபடி கொண்டுவந்து வைத்தார்.

"வலிக்குது மாமா."

"கொஞ்சம் பொறுத்துக்கமே. அப்பால இன்னா ஆச்சு, சொல்லு."

சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் சரியாகச் சிரித்தார். ஜெயித்த சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பின்னால் இருந்த அவருக்கு என் வாய் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.