மாமி வேலிக்கப்பால் கேட்ட நாடகம்

கப்பலில் வேலைபார்த்த அண்ணை கொண்டுவந்து இறக்கிய தொலைக்காட்சிப் பெட்டிதான் எங்கள் ஒழுங்கையில் முதலாவது. ஞாயிறு பின்னேரங்களில் அதில் ஓர் ஆங்கிலத் தொடர் போகும். மகனைக் கடலில் பறிகொடுத்த ஒரு தாய், அவனை உடைந்த படகில் அனுப்பிய பணக்காரனின் வீட்டிலேயே சமையல்காரியாகச் சேர்ந்து, பழிவாங்க நாள் பார்த்துக்கொண்டிருப்பாள். கிழமைக்கு ஒரு தடவை நஞ்சுப் போத்தலை எடுப்பாள், பிறகு திருப்பி வைப்பாள். எங்கள் விறாந்தை நிறையச் சனம். நெல்லியடியில் படித்த நாலெழுத்து ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான்தான் மொழிபெயர்ப்பு. விளங்காத இடங்களில் கூச்சப்படாமல் புளுகுவேன்.

பக்கத்து வளவு மாமியுடையது. ஐயாவின், அதாவது என் அப்பாவின், ஒரே தங்கச்சி. ஏழு வருசமாக இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை. மாமியின் மகன் ஐயாவின் வள்ளத்தில் போன இடத்தில்தான் கடல் அவனைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் உடல் கரையொதுங்கியது. காற்று மாறியிருந்த நாளில் அவன்தான் அடம்பிடித்துப் போனான் என்று ஐயா ஊருக்குச் சொல்லியிருந்தார். செத்தவீட்டுக்கும் போகவில்லை. தாய்மாமன் இல்லாமலே பிரேதம் எடுத்தார்கள். அடுத்த நாள், நாங்கள் நுழைந்து போய்வரும் வேலிப் பொட்டை, அந்தச் சின்ன இடைவெளியை, மாமி பனையோலை வைத்து அடைத்துவிட்டார். எனக்கு மாமியென்றால் உயிர். அந்த ஓலையைப் பார்க்கும்போதெல்லாம் ஐயாமேல் கோபம் வரும். வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை.

தொடர் தொடங்கி மூன்றாம் கிழமை, வேலிக்கு அந்தப் பக்கம் மாமி ஆட்டுக்குக் குழை கட்டும் சத்தம் கேட்டது. ஒரு கட்டுக் குழை கட்ட அரை மணித்தியாலம் எடுக்காது. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். எங்கள் பக்கத்தில் கோபக்காரர் நேரே கதைக்கமாட்டார்கள். ஆட்டுக்கோ கோழிக்கோ சொல்லுவார்கள், கேட்கவேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

“ஒண்டும் விளங்கேல்லையடி. உரத்துச் சொன்னால் வாய் நோகுமோ?” என்று மாமி ஆட்டை ஏசினார்.

அதற்குப் பிறகு நான் வேலிக்காகவே மொழிபெயர்த்தேன். ஐயா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். அது நித்திரை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

சமையல்காரி யாரென்று பணக்காரன் கண்டுபிடித்த கிழமை வந்தது. அவளுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து ‘ஐ ஆம் சொறி’ என்றான். எனக்கு நாக்குப் புரளவில்லை. மன்னிப்பு என்பது எங்களுக்குப் பாடப்புத்தகத்துச் சொல். வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் அதைக் கேட்டு நான் அறிந்ததில்லை.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“அவன் சொல்லுறான்...” என்று இழுத்தேன்.

ஐயா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வேலி தாண்டிக் கேட்கும் குரலில் சொன்னார்: “பெடியன் போகமாட்டன் எண்டுதான் நிண்டவன். நான்தான் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினனான். அப்பிடிச் சொல்லு பிள்ளை.”

பெட்டிக்குள் பணக்காரன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

மாமி இந்தமுறை ஆட்டைக் கூப்பிடவில்லை.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை,” என்றார். “என்ரை பிள்ளையின்ரை செத்தவீட்டுக்கு ஏன் வரேல்லை?”

ஐயா எழும்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். போட்டுவாறன் என்று விடைபெறவில்லை. ஒழுங்கையால் சுற்றிப் போய் மாமியின் படலையைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் மாமி குழறி அழும் சத்தம் கேட்டது. கூடவே ஓர் ஆண்குரல். ஐயா அழுது அதுவரை நான் கேட்டதில்லை என்பதால், அது அவர்தான் என்று பிடிபடச் சற்று நேரம் சென்றது.

அம்மா போய்ப் பெட்டியை நிற்பாட்டினார்.

“பக்கத்திலை செத்தவீடு,” என்றார். “எல்லாரும் எழும்பி வாங்கோ.”